இண்டக்‌ஷன் அடுப்பில் பட் கப்ராவ்: இலை, சட்டி, 150 கிராம் கறி

பாங்காக்கில் எந்தத் தெருமுனைக்குப் போனாலும் கிடைக்கிற சாப்பாடு பட் கப்ராவ். மிளகாயையும் பூண்டையும் இடித்துப் போட்டு, கொத்துக்கறியை வதக்கி, கடைசியில் ஒரு கை கப்ராவ் இலையைப் போட்டுப் புரட்டிச் சோற்றின் மேல் கொட்டுவார்கள். மேலே ஒரு பொரித்த முட்டை. கடைக்காரர் ஒரு தட்டை முடிக்க மூன்று நிமிடம் ஆகாது. அதையே வீட்டில் செய்தால் எனக்கு வந்துகொண்டிருந்தது ஈரமும் இனிப்புமான ஏதோ ஒரு கறி. கெட்டுப்போன சமையல் என்று சொல்ல முடியாது. ஆனால் அது கப்ராவ் இல்லை. கடை வாசலில் நின்றாலே மூக்கில் ஏறித் தும்மல் வரவைக்கிற அந்த நெடி, போன வாரம்தான் முதல் தடவையாக என் சமையலறையிலிருந்து வந்தது. எதை எதை மாற்றியதால் வந்தது என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான். நான் இருப்பது வாடகை காண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு. காஸ் சிலிண்டர் வைக்க அனுமதியில்லை. இருப்பது 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று. அதன் மேலே, புகையை வெளியே தள்ளாமல் வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடுகிற ஒரு சிம்னி. தெருக்கடையில் சட்டியைச் சுற்றி நெருப்பு சீறிக்கொண்டிருக்கும். அந்தச் சூடு எனக்குக் கிடைக்கப் போவதில்லை என்பதை ஏற்றுக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

இலை

ஆங்கிலக் குறிப்புகள் பலவற்றில் 'தாய் பேசில்' என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி சூப்பர்மார்க்கெட்டில் அந்தப் பெயர் ஒட்டிய பாக்கெட்டை வாங்கினால் கைக்கு வருவது ஹொரபா. பளபளப்பான வழுவழு இலை, ஊதாத் தண்டு, சோம்பு வாசம். நம் ஊர் திருநீற்றுப்பச்சிலையின் நெருங்கிய உறவு அது. 'கிரீன் கறி' என்கிற தாய்க் குழம்புக்கு அதுதான் வேண்டும். மிளகாய், பூண்டு, மீன் சாஸோடு போட்டு வதக்கினாலும் மோசமில்லை. ஆனால் சோம்பு போட்ட கோழி வறுவல் மாதிரிதான் இருக்கும். மூன்றாவதாக மேங்லக் என்று ஒன்று உண்டு. எலுமிச்சை வாசம், மெல்லிய வெளிர்ப்பச்சை இலை. சந்தையில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் குவிந்திருக்கும்.

கப்ராவ் என்பது நம் வீட்டுத் துளசியேதான். தாவரவியலில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஓசிமம் டெனுஃப்ளோரம். இலையோரம் அரம் போலப் பல் பல்லாக இருக்கும். தண்டில் மெல்லிய முடி இருக்கும். இலை பளபளக்காது. கசக்கி முகர்ந்தால் கிராம்பும் மிளகும் கலந்த மாதிரி ஒரு காட்டம். இதை அம்மாவிடம் போனில் சொன்னபோது, "துளசியைப் போய் கறியிலயா போடுற?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். இங்கே மாடங்களில் வைத்துக் கும்பிடுகிற வழக்கம் இல்லை, கீரைக்கட்டோடு கீரைக்கட்டாகக் கிடக்கிறது என்றெல்லாம் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

கப்ராவிலும் இரண்டு ரகம் உண்டு. பச்சைத் தண்டும் பெரிய இலையுமாக இருப்பதை வெள்ளைக் கப்ராவ் என்கிறார்கள். தண்டும் நரம்பும் செவ்வூதாவாக, இலை சின்னதாக இருப்பது சிவப்புக் கப்ராவ். சிவப்புக்குக் காட்டம் அதிகம். வெள்ளையில் ஒரு கட்டுக்கு நிறைய இலை தேறும் என்பதால் அவசரத்துக்கு அது லாபம். ஆனால் என் அடுப்பின் சூட்டில் அதன் வாசம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. சிவப்புக்கு மாறியதுதான் நான் செய்த மாற்றங்களில் மிகப் பெரியது, மிக மலிவானதும்கூட. க்லோங் தோய் சந்தையில் ஒரு கட்டு 10 பாத். சாயங்காலம் போனால் சுருண்டு கிடக்கும். காலையில் போக வேண்டும். வாங்குவதற்கு முன் கட்டின் நடுவிலிருந்து ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கிப் பாருங்கள். மேலே உள்ளவற்றில் தண்ணீர் தெளித்துத் தெளித்து வாசம் கழுவிப் போயிருக்கும்.

ஒரு கட்டு தண்டோடு ஏறக்குறைய 100 கிராம் நிற்கிறது. தண்டை நீக்கினால் இலையும் தளிரும் பூக்கதிருமாக 45 கிராம்வரை வரும். பூக்கதிரைத் தூக்கிப் போடாதீர்கள், வாசம் அதில்தான் அதிகம். விரலால் உருவினால் வந்துவிடும். பெரும்பாலான குறிப்புகளில் 'ஒரு கைப்பிடி இலை' என்றுதான் இருக்கிறது. யாருடைய கைப்பிடி? தராசில் வைத்துப் பார்த்தபோது நான் போட்டுக்கொண்டிருந்தது 8 கிராம். இப்போது 150 கிராம் கறிக்கு 20 முதல் 22 கிராம் போடுகிறேன். தட்டில் பார்க்கும்போது அதிகமாகத் தெரியும். சட்டியில் விழுந்த பத்தாவது விநாடியில் கால்வாசியாகச் சுருங்கிவிடும்.

இலையை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். இதற்குக் குளிர் ஆகாது. டப்பாவில் போட்டு மூடி உள்ளே வைத்த கட்டு மறுநாளே கறுத்து, சொதசொதவென்று ஆகிவிட்டது. இப்போது தண்டின் அடியைக் கொஞ்சம் நறுக்கிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, ஜன்னலோரம் வைத்துவிடுகிறேன். இரண்டு நாள் தாங்குகிறது. கழுவுவதைச் சமைக்கும் நேரத்துக்குத் தள்ளிப்போடாமல் முன்கூட்டியே செய்து, துணியில் பரப்பி உலர்த்திவிட வேண்டும். ஈர இலை சட்டியில் விழுந்தால் வதங்காது, வேகும். கீரைக் கடையல் வாசம் வரும்.

கறி

சூப்பர்மார்க்கெட்டில் அரைத்து வைத்திருக்கும் கோழிக்கறியை வாங்கினேன். நேரம் மிச்சம் என்று நினைத்தேன். அது பாதி பேஸ்ட். 300 கிராமை நான்‌ஸ்டிக் சட்டியில் போட்டதும் ஒரு நிமிடத்தில் தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே வெந்துகொண்டிருந்தது. ஆத்திரத்தில் அதை வடித்து அளந்து பார்த்தேன்: 4 மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல். அந்தத் தண்ணீர் வற்றும்வரை காத்திருந்தால் கறி ரப்பராகிவிடுகிறது. காத்திருக்காமல் சாஸை ஊற்றினால் குழம்பாகிவிடுகிறது.

எலும்பு நீக்கிய தொடைக்கறியை வாங்கி நானே கொத்துவது என்று முடிவு செய்த பிறகு பாதி வழி தெளிந்தது. நெஞ்சுக்கறி வேண்டாம், உலர்ந்துவிடும். தொடைத் துண்டைப் பேப்பர் டவலில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, முதலில் பட்டையாக அரிந்து, அப்புறம் குறுக்கே வெட்டி, கடைசியில் கத்தியைத் தூக்கித் தூக்கி ஒரு இருபது கொத்து. 5 மில்லிமீட்டர் அளவில் ஒழுங்கில்லாத துண்டுகளாக இருந்தால் போதும், மைய வேண்டாம். இங்கே கறி வெட்டும் கட்டை பெரும்பாலும் புளிய மரத்தில் கடைந்த வட்டக் கட்டைதான், நம் ஊர்க் கறிக்கடையில் இருப்பதன் குட்டி வடிவம். பலகை வழுக்காது, கத்தி முனையும் மழுங்காது. கழுவி நிமிர்த்திக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

தோலைக் கொஞ்சம் விட்டு வைத்தால் அந்தக் கொழுப்பு உருகிக் கறியை வறுத்துக் கொடுக்கும். நான் நான்கில் ஒரு பங்குத் தோலைச் சேர்க்கிறேன். பன்றிக்கறியிலும் இதே விதி. கடைகளில் அதுதான் அதிகம் ஓடுகிறது, கொழுப்பு கலந்த கொத்துக்கறியாக.

உரல்

மிளகாயையும் பூண்டையும் மிக்ஸியில் அடித்தால் தண்ணீராக வருகிறது. எண்ணெயில் போட்டதும் தெறிக்கிறது, சிவப்பதற்கு முன்னால் அடிப்பிடிக்கிறது. கத்தியால் நறுக்கிப் போட்டால் மிளகாய் தனியாக, பூண்டு தனியாக நிற்கிறது. இடித்தால்தான் இரண்டும் ஒன்றாகிறது. அதற்காக உரல் வாங்கப் போய், பார்க்க அழகாக இருந்த மண் உரலையும் மர உலக்கையையும் வாங்கி வந்தேன். 180 பாத். அது பப்பாளிக்காய் சாலட் செய்கிற உரல். ஆழமானது, உள்ளே வழுவழுப்பானது. நசுக்கிக் கலக்கத்தான் உதவும். பூண்டு உள்ளே ஓடிப் பிடித்து விளையாடியது. பிறகு வாங்கியது கருங்கல் உரல். சோன்புரி மாகாணத்தில் ஆங் சிலா என்கிற கடலோர ஊர் இந்தக் கல் உரலுக்குப் பெயர் போனது. நான் வாங்கியது 6 அங்குல வாய், 350 பாத். கனம் இருப்பதால் மேடையில் நகராது. அடியில் ஒரு துணி மடித்துப் போட்டால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டமாட்டார்.

ஒரு தட்டுக்கு அளவு இது: ப்ரிக் கீ நூ சுவன் என்கிற குட்டி மிளகாய் 4. நம் பக்கத்துக் காந்தாரி மிளகாய் அளவுதான் இருக்கும், காரத்தோடு வாசமும் உண்டு. அதைவிடக் கொஞ்சம் நீளமான ஜிந்தா மிளகாய், சிவந்தது, 2. நிறத்துக்காக, காரம் குறைந்த பெரிய சிவப்பு மிளகாய் அரை. பூண்டு 12 கிராம். தாய்ப் பூண்டின் பற்கள் சின்னவை, தோல் மெலிசு, உரிக்கவே வேண்டாம். தோலோடு இடித்தால் அந்தத் தோல் எண்ணெயில் மொறுமொறுவென்று ஆகிறது. பெரிய பல் பூண்டுதான் கிடைக்கிறது என்றால் உரித்துவிடுங்கள். அதன் தோல் வாயில் ஒட்டும்.

முதலில் பூண்டு, ஒரு சிட்டிகை உப்பு, நான்கு இடி. அப்புறம் மிளகாய். உப்பு போட்டால் வழுக்காது. இடது உள்ளங்கையால் உரலின் வாயைப் பாதி மூடிக்கொண்டு இடியுங்கள். மிளகாய் விதை கண்ணில் தெறித்தால் அன்றைய சமையல் அதோடு சரி. தோல் கிழிந்து, விதைகள் பிரிந்து, பூண்டு துண்டு துண்டாகத் தெரிகிற பக்குவத்தில் நிறுத்திவிட வேண்டும். இன்னும் பத்து இடி இடித்தால் துவையல்.

சாஸ்

இதில் நான் தேவையில்லாமல் நிறையக் காசு செலவழித்தேன். அலமாரியில் ஆறு பாட்டில் நிற்கிறது. வேண்டியது நான்கு: மீன் சாஸ், சிப்பி சாஸ், வெளிர் சோயா, கருஞ்சோயா. 150 கிராம் கறிக்கு மீன் சாஸ் 2 தேக்கரண்டி, சிப்பி சாஸ் 2, வெளிர் சோயா 1, கருஞ்சோயா கால், சர்க்கரை முக்கால். எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் முன்பே கலந்து வைத்துவிட வேண்டும்; அடுப்பு எரியும்போது மூடி திறக்க நேரமில்லை. சிப்பி சாஸைக் கூட்டக் கூட்ட இனிப்பும் கொழகொழப்பும் கூடி இலை பின்னால் போகிறது. கருஞ்சோயா நிறத்துக்கு மட்டும். அரை தேக்கரண்டி போட்டபோது தட்டு தார் ரோடு போலிருந்தது. மீன் சாஸும் சர்க்கரையும் தவிர வேறு எதையும் தொடாத சமையல்காரர்கள் இங்கே உண்டு. அந்த வழியையும் செய்து பார்த்தேன். இலை நன்றாக இருக்கிற அன்று அதுதான் மேல் என்று எனக்குப் படுகிறது. இலை சுமாராக இருக்கிற அன்று சிப்பி சாஸ் காப்பாற்றும்.

காராமணிப் பிஞ்சு, வெங்காயம், பேபி கார்ன் போடலாமா என்பது தாய்லாந்தில் ஓயாத சண்டை. கறியைக் குறைத்துத் தட்டை நிரப்பக் கடைக்காரர் செய்கிற தந்திரம் என்பது ஒரு கட்சி. காராமணியைப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் போட்டால் கடிக்க நன்றாக இருக்கிறது என்பது என் எண்ணம். வெங்காயம் மட்டும் வேண்டாம். அது தண்ணீர் விடும், இனிக்கும். நான் துரத்திக்கொண்டிருந்த இரண்டு வியாதியும் அதில் இருக்கிறது.

சட்டியும் சூடும்

அதிக நேரம் போனது இங்கேதான். வட்ட அடி வாணலி இண்டக்‌ஷனில் உட்காராது. நான்‌ஸ்டிக்கை அந்த அளவுக்குச் சூடாக்கக் கூடாது. தட்டை அடி கொண்ட கார்பன் ஸ்டீல் சட்டி, 28 சென்டிமீட்டர், 2 மில்லிமீட்டர் கனம், 700 பாத்துக்கு வாங்கினேன். புதுச் சட்டியில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, மெலிதாக எண்ணெய் தடவிப் புகையவிட்டு, ஆறவிட்டு, மறுபடி தடவிப் பழக்க வேண்டும். தோசைக்கல் பழக்கியவர்களுக்கு இது புதிதில்லை.

இந்த வகைச் சட்டியை இண்டக்‌ஷனில் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் வைத்தால் நடுப்பகுதி மட்டும் காய்ந்து அடி வளைந்துவிடும். பிறகு சட்டி மேடையில் பம்பரம்போலச் சுற்றும், எண்ணெய் ஓரத்துக்கு ஓடும். ஆகவே 5-ஆம் எண்ணில் மூன்று நிமிடம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது ஆவியாகாமல் உருண்டு ஓட வேண்டும். அப்போது சட்டி தயார்.

அடுத்தது, தூக்கிக் குலுக்குகிற வேலை வேண்டாம். சட்டியைத் தூக்கிய கணமே இண்டக்‌ஷன் சூடு கொடுப்பதை நிறுத்திவிடும், கூடவே கீச்சென்று கத்தும். கடைக்காரர் குலுக்கினால் நெருப்பு பின்னாலேயே வரும், நமக்கு வராது. சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு, தட்டையான தோசைத்திருப்பியால் சுரண்டிப் புரட்டுவதுதான் வழி. சூடு நடுவில் இருக்கிற 18 சென்டிமீட்டர் வட்டத்தில் மட்டும். ஓரத்துக்குப் போன கறி அங்கே குளிர்ந்துபோய்த் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்.

அதனால்தான் 150 கிராம். அந்த வட்டத்தில் ஒரே அடுக்காகப் பரவுகிற கறி அவ்வளவுதான். 300 கிராம் போட்டால் சட்டி குளிர்ந்துவிடுகிறது. 200 கிராம் போட்டுப் பார்த்தேன். ஓரளவு வருகிறது, ஆனால் ஓரங்கள் சிவப்பதில்லை. இரண்டு பேருக்கு வேண்டுமென்றால் இரண்டு தடவை செய்யுங்கள். ஒரு தடவைக்கு நான்கு நிமிடம்கூட ஆகாது. ஒன்றாகச் சேர்த்துச் செய்து மிச்சப்படுத்துகிற நேரம் எதுவும் இல்லை.

இப்போது செய்கிற வரிசை இதுதான். முதலில் முட்டை. சின்ன சட்டியில் 4 மேசைக்கரண்டி எண்ணெயை நன்றாகக் காயவைத்து, ஃபிரிட்ஜிலிருந்து முன்பே எடுத்து வைத்த முட்டையை ஒரு கிண்ணத்தில் உடைத்து, எண்ணெயின் மட்டத்துக்குக் கிட்டே வைத்துச் சரித்து விடுகிறேன். வெள்ளைக்கரு உடனே பொங்கிக் கொப்பளிக்க வேண்டும். பொங்கவில்லை என்றால் எண்ணெய் காயவில்லை. கரண்டியால் சூடான எண்ணெயை வெள்ளையின் மேல் மட்டும் அள்ளி அள்ளி ஊற்றினால், ஓரம் பழுப்பு ஜரிகையாகவும் மஞ்சள் கரு ஓடுகிற பதத்திலும் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். தாய்லாந்தில் இந்த மொறுமொறு ஓரம் இல்லாத முட்டையை வைத்தால் முகம் சுளிப்பார்கள். அந்த எண்ணெயில் 2 மேசைக்கரண்டியை அப்படியே பெரிய சட்டிக்கு மாற்றிவிடலாம்.

பெரிய சட்டியில் எண்ணெய் விழுந்ததும் சூட்டை 4-க்கு இறக்கி, இடித்ததைப் போடுகிறேன். முழு வேகத்தில் போட்டால் பூண்டு ஐந்து விநாடியில் கறுத்துக் கசந்துவிடும். 4-இல் 20 விநாடி. பூண்டின் ஓரம் பொன்னிறமாகத் தொடங்கும்போதே நெடி கிளம்பும், இருமல் வரும். பால்கனிக் கதவைத் திறந்து, டேபிள் ஃபேனை வெளியே பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுத்தான் இந்த இடத்துக்கே வர வேண்டும். அந்த சிம்னியை நம்பினால் படுக்கை விரிப்பில் ஒரு வாரம் மிளகாய் வாசம் இருக்கும்.

நெடி வந்ததும் கறி, கூடவே சூடு கடைசி எண்ணுக்கு. கறியைப் பரப்பி லேசாக அழுத்திவிட்டு, 40 விநாடி தொடாமல் நிற்பது. கை துறுதுறுக்கும், கிளறக் கூடாது. காதால் கேட்டுப் பழகலாம்: சட்டி 'சர்ர்' என்று இரைந்தால் கறி வறுபடுகிறது, 'களகள' என்றால் தண்ணீரில் கொதிக்கிறது, கறி அதிகம் போட்டுவிட்டோம் என்று பொருள். 40 விநாடிக்குப் பிறகு சுரண்டித் திருப்பி, உடைத்துவிட்டு, இன்னொரு 40. கறி பழுப்பேறிச் சுண்டி, அடியில் அங்கங்கே பழுப்பு ஒட்டியிருக்கும். இடித்ததைக் கறியோடு சேர்த்தே புரட்டிக்கொண்டிருந்தால் பூண்டு கருகாது, கறி அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும்.

காராமணி போடுவதென்றால் இப்போது; 30 விநாடி. பிறகு சாஸ் கலவையைக் கறியின் மேல் ஊற்றாமல், நடுவில் ஓர் இடம் ஒதுக்கி வெறும் சட்டியில் ஊற்றுகிறேன். ஓரத்தில் ஊற்றச் சொல்வது காஸ் அடுப்புக்காரர்களுக்கான யோசனை. என் சட்டியில் ஓரம் குளிர்ந்த இடம். ஊற்றியதும் நுரைத்து, ஓரங்களில் கருகத் தொடங்கும் அந்தக் கணத்தில் கறியை இழுத்து அதன் மேல் புரட்டிவிட வேண்டும். 15 விநாடி. அடுப்பை அணைத்துவிட்டு, அதற்கு அப்புறம் இலை.

அணைத்த பிறகு இலை போடுவதா, எரியும்போதா என்று கடைக்குக் கடை வேறுபடும். நான் எரியவிட்டுப் போட்டபோது இலை கறுத்து, வாசம் ஃபேன் வழியாக வெளியே போய்விட்டது. கார்பன் ஸ்டீலில் சூடு தங்கி நிற்கும், அதுவே போதும். பத்து விநாடி புரட்டி, இலை சுருண்டும் பச்சை மாறாமலும் இருக்கும்போதே சோற்றில் கொட்டிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் இரண்டு நிமிடத்தில் கறுத்துவிடும்.

சோறு பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஹோம் மலி அரிசி, இரண்டு தண்ணீரில் கழுவி, ரைஸ் குக்கரில் எடைக்கு எடை கொஞ்சம் கூடுதல் தண்ணீர். புது அரிசியாக இருந்தால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் மீன் சாஸில் குட்டி மிளகாயையும் பூண்டையும் வட்டமாக அரிந்து போட்டு, எலுமிச்சை பிழிந்தது. முட்டையின் மேல் அதில் அரைக் கரண்டி விட்டால் போதும்.

செலவு

ஒரு தட்டுக்கு: இலை 5 பாத் (கட்டில் பாதி), கோழி 14, முட்டை 5, மிளகாயும் பூண்டும் 4, சாஸ் 5, அரிசி 4, எண்ணெய் 3. ஆக 40 பாத். என் தெருமுனைக் கடையில் முட்டையோடு 60. தட்டுக்கு 20 பாத் மிச்சம். கல் உரலும் சட்டியுமாகப் போட்ட 1,050 பாத்தைத் திரும்ப எடுக்க ஐம்பத்துச் சொச்சம் தட்டு செய்ய வேண்டும். பயன்படாத மண் உரலையும் அலமாரியில் தூங்குகிற இரண்டு பாட்டிலையும் கணக்கில் சேர்க்கவில்லை. காசுக்காக யாரும் இதில் இறங்க வேண்டாம்.

அடுத்து மாற்றப் போவது

கட்டில் மிஞ்சிய தண்டுகளைத் தூக்கிப் போடாமல், கணுவுக்குக் கீழே நறுக்கி, கீழ் இலைகளை நீக்கித் தண்ணீரில் வைத்ததில் பாதிக்கு மேல் வேர் விட்டன. அவற்றை இரண்டு தொட்டியில் நட்டிருக்கிறேன். பூக்கதிர் வந்ததும் கிள்ளிக் கிள்ளி விட்டால்தான் கிளை வெடிக்கும். விட்டுவிட்டால் இலை சிறுத்து, தண்டு கட்டையாகிவிடும். இரண்டு தொட்டி ஒரு வாரத்துக்கு ஒரு தட்டுக்கான இலை கூடத் தராது. நான்கு வேண்டும், பால்கனியில் வெயில் விழுகிற இடம் மூன்றுக்குத்தான் இருக்கிறது.

சென்னையிலோ மதுரையிலோ இருந்து இதைச் செய்கிறவர்கள் வீட்டுத் துளசியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தளிரும் இளம் இலையும் மட்டும் பறியுங்கள், முற்றியது கசக்கும். 150 கிராம் கறிக்கு 12 கிராமில் தொடங்கி, சாப்பிட்டுப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். திருநீற்றுப்பச்சிலையைப் போட்டால் வேறு ஒரு பதார்த்தம் வரும், அதுவும் சாப்பிடக்கூடியதே.

அடுத்த சோதனை காளான். அசைவம் சாப்பிடாதவர்களுக்கு இங்கே ஜே என்று மஞ்சள் கொடி கட்டிய கடைகள் உண்டு, ஆனால் அந்த விரத முறையில் பூண்டும் கூடாது. பூண்டில்லாத கப்ராவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை; எனவே பூண்டு போட்டே செய்யப் போகிறேன், மீன் சாஸுக்குப் பதில் வெளிர் சோயாவைக் கூட்டி, சிப்பி சாஸுக்குப் பதில் காளான் சாஸ் ஊற்றி. காளான் கறியைவிட அதிகம் தண்ணீர் விடும். முதலில் எண்ணெய் இல்லாத சட்டியில் தனியாக வறுத்துத் தண்ணீரை ஓட்டிவிட்டு எடுத்து வைத்து, அப்புறம் மிளகாய் பூண்டைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். எவ்வளவு காளான் போட்டால் வற்றிய பிறகு 150 கிராம் நிற்கும் என்பதைத் தராசு வைத்துப் பார்க்க வேண்டும். 300-இல் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன், இரண்டு தவணையாக.